மேசைக்கு மேலே ஒரு கொக்கி

சாப்பாட்டு அறைக்குச் சரவிளக்குத் தெரிவு செய்வது எப்படி என்று, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கடையில் கேட்டார்கள். முப்பத்தொரு வருடம் திருகோணமலையில் விளக்கு விற்றவன் நான். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். கேட்டவுடன் பெருமையாக ஓம் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், அளவுகளோடு இது முடியாது என்று தெரிந்தது.

முதலில் அளவுகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். விளக்கின் அகலம் மேசையின் அகலத்தில் பாதிக்குக் குறையக் கூடாது, முக்காலுக்கு மிஞ்சவும் கூடாது. மேசைப் பலகையிலிருந்து முப்பது அங்குலம் மேலே தொங்க வேண்டும். வெள்ளை வெளிச்சம் மீன்குழம்பைச் சாம்பல் நிறமாகக் காட்டும். மஞ்சள் கலந்த வெளிச்சம்தான் சோற்றுக்கு நல்லது. துறைமுகக் காற்று படுகிற வீட்டுக்கு இரும்புச் சங்கிலியைக் காட்டவே வேண்டாம். துருப்பிடித்து மேசை விரிப்பில் உதிரும். இவ்வளவும் உங்கள் கைபேசியில் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். இவை எல்லாவற்றையும் விரல் நுனியில் வைத்திருந்த நான் எப்படிப் பிழை விட்டேன் என்பது அதில் கிடைக்காது. ஆகவே அதை எழுதுகிறேன்.

நான் விட்ட பிழை என்றால் கடையில் எல்லோருக்கும் நிலாவெளிக் கதைதான் தெரியும். கடலைப் பார்த்த விடுதி ஒன்றின் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கண்ணாடித் துளிகள் தொங்கும் பெரிய விளக்கொன்றைக் கொடுத்தேன். மூன்று பக்கமும் சுவரில்லாத மண்டபம். பின்னேரக் காற்று அடிக்கத் தொடங்கினால் முந்நூறு துளியும் ஒன்றோடொன்று மோதிக் கிலுங்கும். மூன்றாம் நாள் முகாமையாளர் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணே, நீங்கள் தந்தது விளக்கோ, கோயில் மணியோ? சாப்பிட வந்தவை எல்லாரும் எழும்பி நிண்டு கும்பிடப் போகினம்."

இதை நான் எத்தனை பிரியாவிடைகளில், எத்தனை தேநீர்க் கோப்பைகளோடு சொல்லியிருப்பேன்! கடையில் யாராவது சொல்லக் கேட்டு நீங்களும் சிரித்திருப்பீர்கள். சொல்லச் சொல்ல அது என் பிழை என்பதே மறந்துபோய், என் கெட்டித்தனம் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கதையில் யாருக்கும் நோகவில்லை, அதனால்தான் அதைச் சொல்ல முடிந்தது. இன்னொரு கதையை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அதற்கு முன்பு ஒரு விஷயம். எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் கடையின் மூத்த விற்பனையாளர். முதல் கிழமையிலேயே என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டளை போட்டார்.

"தம்பி, கதை எங்கட வேலை. ஏணி அவையிட வேலை. விளக்குப் பூட்ட வாற பாஸ்மாரை வீட்டுக்காரரோட கதைக்க விடாதேங்கோ. ஆளுக்கொரு கதை கதைச்சால் வீட்டுக்காரன் குழம்பிப் போவான்."

வயரிங் வேலை செய்கிறவர்களை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அந்த மனிதரிடம் நான் நல்லது நிறையக் கற்றேன். அவர் பழக்கியவற்றில் மிகக் கெட்டதும் இதுதான். இதைத்தான் நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் கடைக்கு விளக்குப் பூட்டும் வேலை செய்தவர் செபமாலை பாஸ். பாலையூற்றுக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். ஏணியில் ஏறுவதற்கு முன்பு அறையின் நடுவில் நின்று நாலு பக்கமும் ஒருமுறை பார்ப்பார். என்னை 'அண்ணன்' என்று கூப்பிடுவார். அந்தக் கூப்பிடுதலில் ஒரு அன்பு இருந்தது. அது இருந்தது என்பதே, அது இல்லாமல் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, கிண்ணியாவில் மீன் வியாபாரம் செய்த மஜீத் நானா கடைக்கு வந்தார். முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். மகள் ஷிபானாவுக்குக் கலியாணம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மகளுக்கென்று புது வீடு கட்டியிருந்தார். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அங்கேதான் வந்து இருப்பார். சாப்பாட்டு அறைக்கு எட்டுப் பேர் இருக்கிற தேக்கு மேசை செய்வித்திருந்தார். அதற்கு மேலே தொங்குவதற்கு ஒரு விளக்கு வேண்டும்.

"தம்பி, என்ட மகள்ட வீடு. மாப்பிள வீட்டாக்கள் வந்து பாத்தா வாயைப் பொளக்கணும். அப்பிடி ஒண்டைத் தாங்க" என்றார்.

நான் வீட்டுக்கே போனேன். மேசையை அளந்தேன். வாசல், யன்னல், குடாவிலிருந்து காற்று வருகிற பக்கம் எல்லாம் பார்த்தேன். பன்னிரண்டு கை வைத்த, கண்ணாடித் துளி அதிகமில்லாத, துருப்பிடிக்காத சங்கிலியுள்ள விளக்கொன்றைத் தெரிந்தேன். இன்றைக்கும் சொல்வேன், அந்த மேசைக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கு இலங்கையில் இருந்திருக்காது.

பூட்டுகிற அன்று செபமாலை பாஸ் வழக்கம்போல அறையின் நடுவில் நின்றார். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணன், இந்த மேசை எந்த நாளும் இதிலதான் நிக்குமோ?"

"எட்டுப் பேர் இருக்கிற தேக்கு மேசை பாஸ். அது எங்க ஓடப் போகுது?"

"இல்லை அண்ணன். கலியாணம், பெருநாள் எண்டால் இவை பாய் விரிச்சுத்தானே சாப்பிடுறவை. மேசையை எடுத்தால் விளக்கு நெத்தியில இடிக்கும். நானாட்ட ஒருக்காக் கேட்டுப் பாப்பமே."

"அது பந்தலுக்கை, மண்டபத்துக்கை பாஸ். வீட்டுக்காரரோட கதைக்கிறது என்ர வேலை. நீங்கள் முப்பது அங்குலத்தில தொங்கவிடுங்கோ."

நான் ஏன் அப்படி நினைத்தேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கிண்ணியாவிலும் மூதூரிலும் நான் சாப்பிடாத வீடு இல்லை. ஆனால் எங்கே போனாலும் என்னைப் போன்ற தமிழ் ஆட்களுக்கு மேசை போட்டு, கதிரை போட்டு, தனித் தட்டில்தான் தருவார்கள். அது அவர்கள் எனக்குக் காட்டிய மரியாதை. உள்ளே அவர்கள் தங்களுக்குள் எப்படி இருந்து சாப்பிடுகிறார்கள் என்பதை இருபது வருடமாக நான் எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் இருந்த மேசையை அவர்களுடைய மேசை என்று நினைத்துவிட்டேன்.

வேலை முடிந்ததென்று நினைத்து நானும் மஜீத் நானாவும் முன் விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். உள்ளே மறுபடியும் துளைபோடும் சத்தம் கேட்டது. நான் கவனிக்கவில்லை. பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அண்ணன், ஒரு சின்ன விஷயம். நானாட்டச் சொல்ல வேணும்."

"என்னட்டச் சொல்லுங்கோ, நான் சொல்லுறன்" என்று அவரைக் கடையின் வான் வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏறும்போது எனக்கு ஒரு அழைப்பு வந்தது. கிண்ணியாப் பாலம் தாண்டும் வரை கதைத்தேன். அந்தச் சின்ன விஷயம் என்னவென்று பிறகு நான் கேட்கவே இல்லை.

கலியாண நாள் வந்தது. வளவில் பந்தல் போட்டிருந்தார்கள். அதில் ஒரு மூலையில் எங்களுக்கு மேசையும் கதிரையும். நான் கோழிப் பொரியலில் கை வைத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களைச் சாப்பாட்டு அறைக்குள் இருத்தியிருந்தார்கள். தேக்கு மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்து, நாலு சஹன் வைத்திருந்தார்கள். சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. சம்பந்திக்கு முன்னால் வைக்கிற சஹனைத் தானே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்பது மஜீத் நானாவின் ஆசை. கண் முழுக்கத் தட்டில். ஆள் நல்ல உயரம். விளக்கோ தரையிலிருந்து ஐந்தடியில்.

சத்தம் கேட்டு நான் உள்ளே ஓடினேன். விளக்கு ஊசலாடிக்கொண்டிருந்தது. இரண்டு கை முறிந்து, கண்ணாடி சிதறியிருந்தது. சம்பந்தியின் மடியில் சோறு. மஜீத் நானாவின் புருவத்துக்கு மேலே பிளந்து, புது வெள்ளைச் சட்டையில் இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. கண்ணாடித் துண்டு எதில் விழுந்திருக்கும் என்று தெரியாது. நாலு சஹனையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கழுவிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த சாப்பாடு வரும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். ஒரு பெண்ணின் தகப்பனுக்கு அந்த முக்கால் மணி நேரம் எப்படியிருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

அவர் சால்வையால் நெற்றியை அமத்திப் பிடித்தபடி, எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இத இவ்வளவு பதிவாத் தொங்கப் போடச் சொன்னது ஆரு?"

பிள்ளைகளே, அந்த ஒரு கேள்விக்கு 'நான்தான் நானா' என்று இரண்டு சொல் போதும். என் வாய் அதற்குத்தான் திறந்தது. வெளியே வந்தது வேறு.

"பாஸ் அளவைப் பிழையாப் போட்டுட்டார் நானா. நான் சொன்னது வேற."

சொன்னவுடன் எனக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. யாரோ "அந்த பாஸ் ஆரு?" என்று கேட்டார்கள். யாரோ பெயரைச் சொன்னார்கள். அறை முழுக்க அந்தப் பெயர் ஒரு சுற்றுப் போய் வந்தது.

மிச்சக் கண்ணாடி விழாமல் விளக்கை மேலே இழுத்துக் கட்டுவதற்காக, விருந்து முடிந்து அறை வெறுமையான பிறகு நானே ஏணி வைத்து ஏறினேன். சங்கிலி தொங்குகிற இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, கூரைத் தட்டில் ஒரு கொக்கி இருந்தது. அந்தத் தட்டின் நிறத்திலேயே வெள்ளை பூசியிருந்ததால் கீழேயிருந்து பார்க்கத் தெரியாது. சங்கிலியைத் தூக்கி அதில் மாட்டினால் விளக்கு இரண்டடிக்கு மேல் உயர்ந்துவிடும். மேசை திரும்பி வந்ததும் கழற்றி இறக்கலாம். அந்தச் சின்ன விஷயம் இதுதான். கேட்க விடாததால், அவர் தனக்குத் தெரிந்த வழியில் செய்துவிட்டு, அதைச் சொல்லவும் முயன்றிருக்கிறார்.

அந்தக் கொக்கியை மஜீத் நானா பார்த்தால், 'இது என்ன, ஆரு போட்டது?' என்று கேட்பார். பாஸைக் கூப்பிடுவார். பாஸ் சொல்லுவார். ஏணியில் நின்றபடி இவ்வளவையும் நான் யோசித்தேன். பிறகு கொக்கியை முறுக்கிக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, விளக்கைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டு இறங்கினேன். அளவு பிழைத்ததைக்கூட நான் பொறுப்பேன். கொக்கியைக் கழற்றியதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த நாள் விளக்கை நிரந்தரமாக உயர்த்திப் பூட்ட பாஸைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில், "நானா கோவமா இருக்கிறார். நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னேன். நெற்றியில் கட்டோடு இருந்த மஜீத் நானா வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"உனக்கு அளவு தெரியாட்டி அடுத்தாளிட்டக் கேட்டிருக்கலாமே! இவரு அவ்வளவு செல்லியும் உன்ட இஷ்டத்துக்குப் போட்டிருக்கியே!"

பாஸ் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். கடை வேலை அவருக்குக் கிடைப்பதும் கிடைக்காததும் என் கையில் இருந்த காலம் அது. "சரி நானா, மாத்தித் தாறன்" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார். நெடுநேரம் மேலேயே நின்றார். இறங்கி வந்து, "வேலை முடிஞ்சுது சேர்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னை அண்ணன் என்று கூப்பிடவில்லை.

கிண்ணியாவில் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அங்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த கலியாண மண்டபத்தின் வயரிங் வேலை அவருக்கென்று பேசி வைத்திருந்தார்கள். அதுவும் போயிற்று. சில மாதங்களில் அவர் எங்கள் கடைக்கு வருவதையும் நிறுத்தி, உப்புவெளிப் பக்க விடுதிகளில் சில்லறைத் திருத்த வேலைகள் செய்யத் தொடங்கினார். நான் மேற்பார்வையாளர் ஆனேன். கொக்கியை வீட்டு அலுமாரியில் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு மஜீத் நானாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று எனக்கு நானே தவணை போட்டுக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு பெருநாள் முடியட்டும், மழை விடட்டும் என்று தள்ளினேன்.

சில மாதங்களுக்கு முன்பு மஜீத் நானா மௌத்தாகிவிட்டார்.

மையித்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். அதே அறையில் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். அந்த விளக்குக்குக் கீழே ஆட்கள் குந்தியிருந்தார்கள். உயர்த்திக் கட்டியதால் அது கூரைத் தட்டோடு ஒட்டிக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத வெளிச்சம் போட்டது. எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. அடுத்த கிழமை கொக்கியை எடுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போனேன்.

பாஸ் ஒரு விடுதியின் பின்பக்கத்தில் பழைய விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. நான் கொக்கியை நீட்டினேன். அதைக் கையில் வாங்கவில்லை. பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"தெரியும் சேர். அண்டைக்கு ஏறினபோது ஓட்டை இருந்தது, கொக்கி இல்லை. பட்டி வச்சு மூடி வெள்ளை பூசிப்போட்டுத்தான் இறங்கினனான்."

"ஏன் பாஸ்? ஓட்டையைக் காட்டியிருந்தால் நானாவுக்கு விளங்கியிருக்குமே" என்றேன்.

"ஓட்டையைத் திறந்தபடி விட்டுட்டு இறங்கி எனக்குப் பழக்கமில்லை சேர்." விசிறியின் ஆணி ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "மஜீத் நானாட்டச் சொல்லிப் போட்டீங்களோ?"

"அவர் மௌத்தாயிட்டார் பாஸ். போன கிழமை."

அவர் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப, அவர் என்னை அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு போயிருக்கிறார்" என்றார்.

மன்னிப்புக் கேட்பதற்கு நான் தயாரித்துக்கொண்டு போன வசனங்கள் எல்லாம் அதோடு செத்துவிட்டன. அங்கிருந்து நேரே கிண்ணியாவுக்குப் போய் ஷிபானாவிடம் சொன்னேன். கொக்கியை மேசையில் வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வாப்பாட நெத்தியில அந்தத் தழும்பு கடைசி வரைக்கும் இருந்திச்சு அங்கிள். கண்ணாடி பாக்கக்குள்ள எல்லாம் அந்த பாஸத்தான் ஏசுவாரு. நீங்க எத்தின தரம் இந்த வீட்டுக்கு வந்திருப்பீங்க? எத்தின தரம் வாப்பாவோட இருந்து தேத்தண்ணி குடிச்சிருப்பீங்க?"

நான் எண்ணிப் பார்த்ததில்லை.

"அந்த பாஸ வரச் செல்லுங்க" என்றாள். "இந்த விளக்குக் கீழ இறங்கணும். பிள்ளைகள் இந்த மேசையில இருந்து படிக்கிறதுக்கு வெளிச்சம் காணாது. நான் அவருட்ட என்ட வாயால கதைக்கணும்."

பாஸ் வந்தார். ஷிபானா அவரிடம் தகப்பனுக்காக மன்னிப்புக் கேட்டாள். கேட்க வேண்டியவன் நான் பக்கத்தில் நிற்க, கேட்கத் தேவையில்லாதவள் கேட்டாள். அவர் "பறவாயில்லை மகள்" என்று சொல்லிவிட்டு அறையின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். பிறகு அவளிடம் நேரடியாகக் கேட்கத் தொடங்கினார். மேசை வருடத்துக்கு எத்தனை தரம் நகரும், எந்தப் பக்கம் நகரும், வீட்டில் ஆகக் கூடிய உயரமான ஆள் யார், சங்கிலியைத் தூக்கி மாட்டுவது யார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு விளக்கைப் பற்றி இப்படி ஒரு கதையை நான் கேட்டதில்லை. எந்த வீட்டுக்காரரிடமும் இவற்றைக் கேட்டதில்லை. சாப்பாட்டு அறைக்கு விளக்குத் தெரிவு செய்வது எப்படி என்று கடையில் கேட்டதற்கு என்னிடம் உள்ள பதில் அந்தப் பத்து நிமிடம்தான். உங்களோடு ஏணி தூக்கிக்கொண்டு வருகிற மனிதரைக் கதைக்க விடுங்கள். அவர் கதைப்பதை நின்று கேளுங்கள்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் மேலே ஏறி, தட்டை விரலால் தட்டிப் பார்த்து, தான் மூடிய இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தார். பழைய பட்டி பொடியாக என் தலையில் கொட்டியது. துடைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போதாவது, இந்த ஒருமுறையாவது, பழையபடி கூப்பிடுவார் என்று என் மனம் வெட்கமில்லாமல் எதிர்பார்த்தது.

அவர் கீழே பார்க்காமல் கையை நீட்டினார்.

"கொக்கியைத் தாங்கோ சேர்."

எடுத்துக் கொடுத்தேன்.